அப்டேட்டை நிறுத்தி வைக்கலாமா? எதை உடனே போடுவது, எதை ஆறப்போடுவது

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இது: ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் மாதம் தவறாமல் அப்டேட் கேட்கிறது. சர்வீஸ் செய்பவரோ "எல்லாத்தையும் ஆஃப் பண்ணி விட்டுடுங்க சார், அதுதான் சேஃப்" என்கிறார். போனில் போட்டால் ஸ்லோ ஆகும், திரையில் பச்சைக் கோடு விழும் என்று கூட இருப்பவர்கள் பயமுறுத்துகிறார்கள். போடுவதா, விடுவதா?

போடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் வந்த அன்றே போட வேண்டாம். மாதாந்தர செக்யூரிட்டி அப்டேட்டை ஒரு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். புதிய வெர்ஷனுக்கு மாறச் சொல்லும் பெரிய அப்டேட்டை ஓரிரு மாதம் ஆறப்போடுங்கள். இரண்டும் ஒரே செட்டிங்ஸ் பக்கத்தில் அடுத்தடுத்து வந்து நிற்பதால், ஒன்றின் மேல் உள்ள பயத்தில் மற்றதையும் சேர்த்து நிறுத்திவிடுகிறோம். உங்கள் சர்வீஸ்காரர் செய்ததும் அதைத்தான்.

முதலாவதை ஏன் தள்ளக் கூடாது என்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2003 அக்டோபரிலிருந்து மைக்ரோசாஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை செக்யூரிட்டி திருத்தங்களை வெளியிடுகிறது. அங்கே மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு பத்தரை, அவர்களுடைய குளிர்காலத்தில் பதினொன்றரை. புதன்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்ததும் ரீஸ்டார்ட் கேட்பது இதனால்தான். அன்று இரவு அந்த ஃபைல்களை நாம் மட்டும் இறக்குவதில்லை. பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் அருகருகே வைத்து, எந்த இடத்தில் நிரல் மாறியிருக்கிறது என்று பார்ப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களும் இறக்குகிறார்கள். மாறிய இடம்தான் ஓட்டை இருந்த இடம். அதுவரை ஒரு சிலருக்கு மட்டுமே தெரிந்த பலவீனம், திருத்தம் வெளியான நிமிடத்திலிருந்து தேடத் தெரிந்த எவருக்கும் தெரியும். "இத்தனை நாள் அப்டேட் இல்லாம நல்லாத்தானே ஓடுது" என்ற வாதம் இங்கேதான் அடிபடுகிறது. உங்கள் மெஷினில் எதுவும் மாறவில்லை என்பது உண்மைதான். வெளியே இருப்பவருக்குத் தெரிந்த விஷயம் மாறிவிட்டது.

2017-இல் நடந்ததைத் தேதி வாரியாகப் பார்த்தாலே போதும். விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்று திருத்தம் கொடுத்தது. ஏப்ரல் 14 அன்று ஷேடோ புரோக்கர்ஸ் என்ற கும்பல், அதே ஓட்டை வழியாக நுழையும் எடர்னல்புளூ என்ற கருவியை இணையத்தில் கொட்டியது. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. உருவாக்கியதாகச் சொல்லப்படும் கருவி அது. மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வேர் வந்தது. சுமார் 150 நாடுகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயினில் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் சுமார் 19,000 அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கைத் துறை பின்னால் மதிப்பிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, பரவுவதற்கு அது யாரும் எதையும் கிளிக் செய்வதற்காகக் காத்திருக்கவில்லை. ஃபைல் ஷேரிங்குக்கான வாசலாக நெட்வொர்க்கில் திறந்திருக்கும் 445-ஆம் போர்ட்டைத் தேடி ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவியது. "நான் தேவையில்லாத லிங்க் எதையும் தொட மாட்டேன்" என்ற ஜாக்கிரதை அங்கே உதவவில்லை. இரண்டு, பழைய எக்ஸ்.பி. மெஷின்கள்தான் மாட்டின என்று பலரும் இன்றும் நினைக்கிறார்கள். மாட்டியவற்றில் பெரும்பகுதி விண்டோஸ் 7. அதற்கான திருத்தம் ஏறக்குறைய இரண்டு மாதமாகக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. இதைவிட வேடிக்கை, அடுத்த ஆண்டு 2018 ஆகஸ்டில், உலகத்துக்கே சிப் செய்து கொடுக்கும் தைவானின் டி.எஸ்.எம்.சி. தொழிற்சாலைகள் அதே வானாக்ரையின் ஒரு வகையால் நின்றன. புதிதாக வந்த ஒரு மெஷினைச் சோதிக்காமல் நெட்வொர்க்கில் மாட்டியிருக்கிறார்கள். உள்ளே இருந்த மெஷின்களுக்குத் திருத்தம் போடப்பட்டிருக்கவில்லை.

சரி, அப்படியானால் சர்வீஸ்காரர் சொல்வது முழுக்கத் தப்பா? இல்லை. அவர் பார்த்துப் பட்டது வேறு.

2021 செப்டம்பரில் சின்ன ஆபீஸ்களில் வேலை பார்த்த எந்த டெக்னீஷியனைக் கேட்டாலும் '11பி' என்று முடியும் பிழை எண்ணைச் சொல்வார். ஒரு கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி.யில் பிரின்டரை மாட்டி, அதை ஷேர் செய்து, மற்ற மூன்று நான்கு மெஷின்களிலிருந்து பிரின்ட் கொடுப்பதுதானே நம் ஆபீஸ்களின் வழக்கம். அந்த மாதம் 14-ஆம் தேதி அப்டேட் வந்தது. அடுத்த நாள் காலை பில் அடிக்கப் போனால் பிரின்டர் இணையவில்லை. காரணம் இது: பிரின்ட் செய்யச் சொல்லி ஒரு மெஷின் இன்னொன்றிடம் கேட்கும்போது, கேட்பது யார் என்று சரிபார்க்கும் முறையில் ஓட்டை இருந்தது. அதற்கான பலமான சரிபார்ப்பை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு ஜனவரியிலேயே உள்ளே வைத்துவிட்டது. ஆனால் கட்டாயமாக்கவில்லை. செப்டம்பரில் கட்டாயமாக்கியது. பிரின்டர் மாட்டிய மெஷினில் அப்டேட் ஏறி, மற்றவற்றில் ஏறாமல் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று ஒப்புக்கொள்ளாது. பாதி மெஷின் புதியது, பாதி பழையது என்று கலந்து கிடந்த ஆபீஸ்களே பெரும்பாலும் சிக்கின.

கடைத்தெரு வைத்தியம் உடனே பரவியது. விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரிஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கி, பிரின்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்பூலரை ரீஸ்டார்ட் செய்தால் பிரின்ட் வந்துவிடும். அதாவது அடைத்த ஓட்டையைத் திரும்பத் திறந்துவிடுவது. சிலர் அந்த அப்டேட்டையே அன்இன்ஸ்டால் செய்து, இனி வராதபடி விண்டோஸ் அப்டேட் சர்வீஸையே டிஸேபிள் செய்தார்கள். வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும்போது அது புரிந்துகொள்ளக்கூடியதே. சிக்கல் என்னவென்றால், அன்று டிஸேபிள் செய்ததை யாரும் திரும்ப எனேபிள் செய்யவில்லை. நான் பார்க்கும் ஆபீஸ்களில் அப்படி ஒரு பிரின்டருக்காக நிறுத்தி, அப்படியே வருடக்கணக்கில் விடப்பட்ட மெஷின்கள் இன்னும் கிடைக்கின்றன.

பெரிய வெர்ஷன் மாற்றம் இதைவிட மோசமாகப் போன சந்தர்ப்பமும் உண்டு. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10-இன் 1809 வெர்ஷன், சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலிருந்த ஃபைல்களையே அழித்துவிட்டது. சில நாளிலேயே மைக்ரோசாஃப்ட் அதைத் திரும்பப் பெற்று, நவம்பர் 13 அன்று மறுபடி வெளியிட்டது. ஒரு மாதம் பொறுத்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. பெரிய அப்டேட்டை ஆறப்போடச் சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

2024 ஜூலை 19-ஐயும் இந்தக் கணக்கில் பலர் சேர்க்கிறார்கள். அன்று காலை சுமார் 9.40-க்கு நீலத்திரை வரத் தொடங்கி, விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்களே, அது. அது விண்டோஸ் அப்டேட் இல்லை. பெரிய நிறுவனங்கள் வாங்கிப் போட்டிருக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் தனியாக அனுப்பிய ஃபைல். சுமார் 85 லட்சம் மெஷின்கள் விழுந்தன. 78 நிமிடத்தில் தவறான ஃபைலை நிறுத்திவிட்டார்கள். ஆனால் விழுந்த மெஷினுக்கு இணையம் வழியாக மருந்து போகாது; பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக ஒருவர் போய் உட்கார்ந்து எழுப்ப வேண்டியிருந்தது. ஒரே நேரத்தில் எல்லா மெஷினுக்கும் அனுப்பியதுதான் அங்கே தவறு. வந்த அன்றே போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கும் இதே நியாயம்தான்: முதல் அலையில் ஏதாவது உடைந்தால் அதற்குள் செய்தி வந்துவிடும்.

வதந்தியும் வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஆகஸ்டில், விண்டோஸ் 11 அப்டேட் எஸ்.எஸ்.டி.யைக் கொல்கிறது என்று யூடியூப் முழுக்க ஓடியது. எஸ்.எஸ்.டி. கன்ட்ரோலர் செய்யும் ஃபிஸன் நிறுவனம் 4,500 மணி நேரத்துக்கு மேல் சோதித்தும் அப்படி நடக்க வைக்க முடியவில்லை. மைக்ரோசாஃப்டும் தொடர்பு எதுவும் காணவில்லை. அந்த வீடியோவைப் பார்த்து அப்டேட்டை நிறுத்தியவர்களில் எத்தனை பேர் அடுத்த வீடியோவைப் பார்த்திருப்பார்கள்?

நம் ஊரில் இந்தப் பயத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அசெம்பிள் கடையில் வாங்கிய மெஷினில் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதாக இருக்காது. 2010 பிப்ரவரியில் விண்டோஸ் 7-க்கு ஒரு அப்டேட் வந்தது. கிராக் செய்திருப்பதைக் கண்டுபிடித்து, வால்பேப்பரைக் கறுப்பாக்கி, "இது அசல் இல்லை" என்று மூலையில் எழுதிவிடும். அன்றைக்குத்தான் "அப்டேட் போட்டா கிராக் போயிடும், ஆஃப் பண்ணிடுங்க" என்பது கடைக்காரர்களின் வேதவாக்கானது. ஆள் மாறி ஆள் கற்றுக்கொண்டு இன்றும் அதையே சொல்கிறார்கள், ஒழுங்காக லைசென்ஸுடன் வந்த லேப்டாப்புக்கும்கூட. உண்மை நிலவரம் என்னவென்றால், ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் 10, 11-க்கும் செக்யூரிட்டி அப்டேட் வரத்தான் செய்கிறது. மூலையில் வாட்டர்மார்க் நிற்கும், வால்பேப்பர் மாற்ற விடாது. அதைப் போக்க ஆக்டிவேட்டர் என்று எங்கிருந்தோ இறக்கி, ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஓட்டுகிறார்களே, அதைவிட வாட்டர்மார்க் எவ்வளவோ மேல். அந்த ஆக்டிவேட்டர்களோடு பாஸ்வேர்டு திருடும் மென்பொருள் ஒட்டிக்கொண்டு வருவது சர்வ சாதாரணம். லைசென்ஸ் வாங்குவதுதான் முறை என்பது வேறு விஷயம்.

இனி கையால் செய்ய வேண்டியவை. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'பாஸ்' (Pause) பட்டன் இருக்கிறது. ஒரு வாரத்திலிருந்து ஐந்து வாரம் வரை நிறுத்திவைக்கலாம். ஜி.எஸ்.டி. தாக்கல் கடைசித் தேதி நெருங்குகிறதா, ஒரு வாரம் பாஸ் போடுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். சர்வீஸையே டிஸேபிள் செய்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இது தானாகவே காலாவதியாகிவிடும். மறதிக்கு இடமில்லை. "புதியவை வந்தவுடன் எனக்குக் கொடு" என்ற பொருளில் ஒரு சுவிட்ச் அதே பக்கத்தில் இருக்கும். அதை ஆஃபிலேயே வையுங்கள். மாதக் கடைசியில் 'பிரிவ்யூ' என்ற சொல்லோடு வருபவற்றைத் தொட வேண்டாம். அடுத்த மாதச் செவ்வாய்க்கிழமை வரப்போவதன் ஒத்திகை அது. 'ஆப்ஷனல்' பகுதியில் இருக்கும் டிரைவர்களையும், இருக்கிற பிரின்டரோ வைஃபையோ தகராறு செய்யாதவரை, விட்டுவிடுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்து வைத்தால் பெரிய டவுன்லோடுகள் டேட்டாவைத் தின்னாது.

போடுவதற்கு முன் பேக்கப். டேலி டேட்டா ஃபோல்டரை ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டும். இதோடு இன்னொன்றை நிறையப் பேர் கவனிப்பதில்லை: டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கரின் ரிகவரி கீ. புதிய லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்ததுமே டிஸ்க் என்கிரிப்ஷன் தானாக ஆன் ஆகிவிடுகிறது. 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில மெஷின்கள் திறக்கும்போதே நீலத்திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்டன. அந்த எண் அக்கவுன்ட்டில் சேமிப்பில் இருக்கும், ஆனால் அந்த அக்கவுன்ட்டை லேப்டாப் வாங்கிய கடையில் யாரோ ஒருவர் உருவாக்கியிருப்பார், பாஸ்வேர்டு யாருக்கும் நினைவிருக்காது. எண் இல்லையென்றால் டேட்டா இல்லை. இன்றே அக்கவுன்ட்டில் நுழைந்து அந்த எண்ணைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நடுவில் கரன்ட் போனால்? சாதாரண அப்டேட் என்றால் விண்டோஸ் பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும், "மாற்றங்களை நீக்குகிறோம்" என்று நேரம் எடுக்கும், அவ்வளவுதான். உண்மையில் பயப்பட வேண்டியது, மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டுக்கு. லேப்டாப்களுக்கு அதுவும் இப்போது விண்டோஸ் அப்டேட் வழியாகவே வந்துவிடுகிறது. பாதியில் நின்றால் போர்டே செத்துப்போகலாம். ஆகவே சார்ஜரை மாட்டி, டெஸ்க்டாப் என்றால் யு.பி.எஸ். பேட்டரி தாங்குகிறதா என்று பார்த்து, பிறகு ரீஸ்டார்ட் கொடுங்கள். மாதச் செக்யூரிட்டி அப்டேட்டில் ஏதாவது உடைந்தால் அப்டேட் ஹிஸ்டரியில் போய் அன்இன்ஸ்டால் செய்யலாம். பெரிய வெர்ஷனிலிருந்து திரும்ப 10 நாள்தான் அவகாசம். அதற்கு முன் இடம் பற்றவில்லை என்று டிஸ்க் க்ளீனப்பில் பழைய விண்டோஸ் ஃபைல்களை அழித்துவிடாதீர்கள்.

போன் விஷயம். ஒரு மெசேஜ் வந்தாலே போதும், தொட வேண்டியதுகூட இல்லை என்ற வகை ஓட்டையை ஆப்பிள் 2021 செப்டம்பர் 13 அன்று ஐபோனின் 14.8 அப்டேட்டில் அடைத்தது. பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் உள்ளே நுழைந்த வழிகளில் அது ஒன்று. நம்மையெல்லாம் யார் வேவு பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்கலாம். ஆனால் முன்பு சொன்ன கதைதான்: அரசுகள் பயன்படுத்திய எடர்னல்புளூ, இணையத்தில் கொட்டப்பட்ட நான்கே வாரத்தில் கடைக்காரரின் பில்லிங் மெஷின் வரைக்கும் வந்தது.

ஸ்லோ ஆகும் என்ற புகாரில் பாதி உண்மை. பெரிய அப்டேட் முடிந்ததும் போன் எல்லா ஆப்களையும் மறுபடி தயார் செய்யும், போட்டோக்களை மறுபடி அலசும். ஓரிரு நாள் சூடாகும், பேட்டரி இறங்கும், பிறகு அடங்கும். மற்றபடி, பழைய பேட்டரி உள்ள ஐபோன்களை அப்டேட் வழியாக வேகம் குறைத்ததை ஆப்பிளே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்து போகாமல் இருக்கத்தான் என்றார்கள். சொல்லாமல் செய்ததற்காக பிரான்ஸ் 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பியது. ஐந்து வருடப் போனில் அப்டேட்டைத் திட்டுவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள்.

பச்சைக் கோடு கட்டுக்கதை இல்லை. அமோலெட் திரையுள்ள பல போன்களில் அப்டேட்டுக்குப் பிறகு கோடு விழுந்ததாக இந்தியாவில் ஏராளமான புகார்கள் வந்தன. சில நிறுவனங்கள் இலவசமாகத் திரை மாற்றியும் கொடுத்தன. கோடு என்பது திரைக்குள் இருக்கும் நுண்ணிய இணைப்பின் பழுது. அப்டேட் நேரத்துச் சூடு, ஏற்கெனவே தளர்ந்த இணைப்பைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது ரிப்பேர் செய்பவர்கள் சொல்லும் விளக்கம். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆகவே சார்ஜில் போட்டு, தலையணைக்கடியில் வைத்து, வெயிலில் கிடக்கும் பைக் பவுச்சில் வைத்தெல்லாம் அப்டேட் ஓட்டாதீர்கள். முதலில் சார்ஜ் ஏற்றி, ஆறவிட்டு, ஃபேன் காற்றில் மேசை மேல் வைத்துப் போடுங்கள். போனில் பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது பெரும்பாலும் நடக்காத காரியம் என்பதால், ஆண்ட்ராய்டு எண் மாறும் பெரிய அப்டேட்டுக்கு மட்டும் ஒரு மாதம் பொறுத்து, அதே மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பது புத்திசாலித்தனம். மாத செக்யூரிட்டி பேட்ச் சிறியது, அதற்கு இந்த யோசனை வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும்) ஃபைலாக வரும் 'அப்டேட்' எதையும் திறக்காதீர்கள். வங்கி, டிராஃபிக் அபராதம், கேஸ் இணைப்பு என்று எந்தப் பெயரில் வந்தாலும் சரி. பிரவுசரில் "உங்கள் குரோம் பழையது, இங்கே அழுத்தவும்" என்று வருவதும் அதே வகைதான். நிஜ அப்டேட் செட்டிங்ஸுக்குள்ளிருந்துதான் வரும்.

கடைசியாக, அப்டேட்டே வராத மெஷின்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. வீட்டு உபயோகிப்பாளர்கள் கூடுதல் செக்யூரிட்டி திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும். அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் வேண்டும். விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் புராசஸர் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை. அதற்கு முந்தைய லேப்டாப்பில் பிரவுசிங்கும் டைப்பிங்கும் மட்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ போட்டுக்கொள்ளலாம், நன்றாகவே ஓடும். டேலி வேண்டுமென்றால் வேறு மெஷின்தான் வழி. லேத் மெஷினோ லேப் அனலைசரோ மாட்டியிருப்பதால் விண்டோஸ் 7-ஐ விட முடியாது என்ற நிலையில் இருப்பவர்கள், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து லேன் கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள். டேட்டாவை அதற்கென்றே ஒதுக்கிய ஒரு பென்டிரைவில் எடுத்து, அதை ஒவ்வொரு முறையும் அப்டேட் போட்ட இன்னொரு மெஷினில் ஸ்கேன் செய்த பிறகே வேறு எதிலும் மாட்டுங்கள்.